யாரும் இல்லாத இடம் உண்டா?

கல்முனைக்குடியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கடற்றொழில் செய்பவர். நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் தொடங்கிய பழக்கம். அவருடைய பிள்ளைகள் என் கண்முன்னே வளர்ந்தவர்கள். சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, அவர் வீட்டு விறாந்தையில் அமர்ந்து தொதலும் தேநீருமாகப் பேசிக்கொண்டிருந்தோம். முதல் நாள்தான் சுற்றுலா சென்று திரும்பியிருந்த அவருடைய இளைய மகன் வந்து எங்களோடு அமர்ந்தான்.

ஏழு இளைஞர்கள் ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு தியலும நீர்வீழ்ச்சிக்குப் போயிருந்தார்கள். நால்வர் கல்முனைக்குடிப் பிள்ளைகள். மூவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வண்டியில் போய், ஒரே சட்டியில் சமைத்து உண்டு திரும்பியதே எனக்கு மகிழ்ச்சியான செய்தி. “எப்படி மகன் இடம்?” என்று கேட்டேன்.

“சொல்லி வேலையில்ல சேர். கீழ நிண்டு பார்க்கிறது பெரிய விசயமில்ல. மேல ஏறிப் போகவேணும். அங்க ஒரு மனுசர் இல்ல. யாருமே இல்லாத இடம்” என்றான்.

அவனுடைய தந்தை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “யாருமே இல்லாத இடத்துக்கு உனக்கு வழி காட்டினது யாரு மனே?”

“ஒரு வயசாளி வாப்பா. தோட்டத்து ஆள்.”

“தேத்தண்ணி எங்க குடிச்சீங்க?”

“பாதையில ஒரு பொம்பிள சின்னக் கடை வைச்சிருந்தா.”

“விளிம்புக்குப் போகாதீங்க எண்டு ஒரு பொடியன் பின்னால ஓடி வந்து சொன்னான் எண்டு உம்மாவிட்டச் சொன்னியே?”

பிள்ளை சிரித்துவிட்டான். “அப்ப மூணு பேர் இருந்திருக்கிறாங்க” என்றார் தந்தை. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கிய பின்னும் கேள்வி என்னை விடவில்லை. ‘யாருமே இல்லாத இடம்’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? அங்கே இருக்கிறவர்கள் எப்படி நம் கண்ணிலிருந்து மறைகிறார்கள்? வாசகர்களோடு சேர்ந்து அதைச் சிந்திக்க விரும்புகிறேன்.

ஒரே தெரு

தியலுமவைத் தூரத்து ஊர் என்று நம்மவர் நினைப்பதுண்டு. உண்மையில் அது நம் வீட்டு வாசல் தெருவில் இருக்கிறது. கல்முனைக்குடியின் நடுவே ஓடும் பிரதான வீதிதான், கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்பு வரை வரும் ஏ4 நெடுஞ்சாலை. நீளம் சுமார் 430 கிலோமீற்றர். கல்முனைக்குடியில் ஏறித் தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று கடந்து, பொத்துவிலில் கடலுக்கு முதுகைக் காட்டி, லாகுகலைக் காட்டையும் சியம்பலாண்டுவையையும் மொனராகலையையும் தாண்டி வெல்லவாயவிலிருந்து மலையேறினால், கொஸ்லந்தையை அடையச் சில கிலோமீற்றர் இருக்கும்போது வலப்பக்கம் பாறைச் சுவரில் வெள்ளைத் துணி தொங்கவிட்டாற்போலத் தெரிவது தியலும. அதன் உயரம் 220 மீற்றர். பதினொரு தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டால் வரும் உயரம். பம்பரகந்தை நீர்வீழ்ச்சிக்கு அடுத்தபடியாக இலங்கையில் இதுவே உயர்ந்தது.

தெருவோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களே முன்பு அதிகம். இக்காலத்து இளைஞர் மேலே ஏறுகிறார்கள். மலைப்பக்கமாக ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று. பூணாகலைப் பக்கமாகச் சுற்றி வரும் தெரு இன்னொன்று. மானாப்புல் உயர்ந்து நிற்கும் மேட்டில், பூணாகலை ஓயா சிறு சிறு அருவிகளாகக் குதித்து, பாறைக் குழிகளில் தேங்கி, பிறகு அந்தப் பெரிய விளிம்பிலிருந்து விழுகிறது. விளிம்புக்கு அப்பால் தெற்குச் சமவெளி முழுவதும் கண்ணுக்கு எட்டும் மட்டும் விரிந்து கிடக்கிறது. அங்கு நின்றவனுக்குத் தான் சின்னவன் என்ற நினைவும், இவ்வளவு பெரிய உலகத்தில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்ற நினைவும் ஒன்றாகவே வரும்.

இந்த ஆசையை நான் குறை சொல்ல வரவில்லை. கல்முனைக்குடியின் நிலையைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நடுவே ஒடுங்கிய மணற்றிடரில் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் முட்டி நிற்கிறது. ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அப்படி நெருங்கி வாழ்கிறவன் ஒரு நாளாவது அகன்ற இடத்தில் மூச்சு விட நினைப்பது நியாயமே. கொழும்பில் வாழ்கிறவர்கள் இதே நினைவோடுதான் குருவிட்டைக்கு அண்மையிலுள்ள போபத் எல்லவை நாடிப் போகிறார்கள். சென்னையில் வாழ்கிறவர்கள் ஆந்திர எல்லையைக் கடந்து தடாவுக்கு அப்பாலுள்ள உப்பலமடுகு அருவிக்குக் காட்டுவழியே நடக்கிறார்கள். பெரிய நகரம் எங்கே உண்டோ, அங்கிருந்து தப்பி ஓட ஒரு மறைவான நீர்வீழ்ச்சியும் தேவைப்படுகிறது. அழகைக் காண ஏங்குவது மனிதனுடைய பெருமைகளில் ஒன்று. கேள்வி, போகலாமா கூடாதா என்பதன்று. எப்படிப் போகிறோம் என்பதே கேள்வி.

ஒரு குடத்தின் கதை

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுமுன் என் கணக்கை நான் ஒப்புவிக்க வேண்டும். 1982ஆம் ஆண்டு, இளம் ஆசிரியனாக இருந்த நான், மாணவர் கூட்டமொன்றை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றேன். பதுளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் ஓரமாக ஓடிய ஓடையில், சிறு அருவியொன்றின் அடியில், நண்பகல் வேளை எல்லோரும் இறங்கிக் குளித்தோம். சவர்க்காரம் தேய்த்தோம். உடுப்புகளையும் அலசினோம். சோற்றுப் பார்சல்களை அவிழ்த்து உண்டு, கை கழுவினோம். பாட்டும் கூத்துமாக ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை.

அந்த நேரம் முழுவதும், கரையிலிருந்த ஒரு பாறையருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் குடம். கொழுந்து பறித்துவிட்டு மதிய இடைவேளைக்கு வந்தவர் என்பது தலையில் கட்டியிருந்த துணியில் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் போகட்டும் என்று காத்திருந்தார். நான் அவரைக் கண்டேன், ஆனால் காணவில்லை. அந்தப் பாறையைப் போல, அந்த மரத்தைப் போல, அவரும் காட்சியின் ஒரு பகுதியாகவே எனக்குத் தோன்றினார். நாங்கள் கிளம்பியபோது கலங்கிய நீர் தெளியும்வரை அவர் இன்னும் சற்று நேரம் நின்றிருப்பார். அவருடைய இடைவேளை அதற்குள் முடிந்திருக்கும்.

இது எனக்கு அன்று விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, என் வீட்டுக் கிணற்றடியில் வாளியை இறக்கும்போது திடீரென்று விளங்கியது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என் கிணற்றுக்குள் இறங்கிச் சவர்க்காரம் தேய்த்துக் குளிக்க, நான் குடத்தோடு ஓரத்தில் நின்றால் என் மனம் எப்படியிருக்கும்? அந்தப் பெண்ணுக்கு அந்த ஓடை காட்சியன்று, கிணறு. நான் ‘யாரும் இல்லாத இடம்’ என்று எண்ணிய இடம் அவருடைய குசினியின் ஒரு பகுதி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்று நான் செய்தது திருட்டன்று, அடிதடியன்று.  ஆனாலும் ஒரு மனிதர் என் முன் நிற்க, அவர் நிற்பதாகவே நான் எண்ணாமல் இருந்தேன். தீமை செய்வதற்குக் கெட்ட மனம் வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் காணாத கண்ணே போதும்.

‘யாரும் இல்லை’ என்று சொல்லும்போது நாம் உண்மையில் சொல்வது இதுதான்: எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, நான் பதில் சொல்ல வேண்டியவர் யாரும் இல்லை, நான் வெட்கப்பட வேண்டியவர் யாரும் இல்லை. ஆகையால்தான், ஊரில் தெருவோரம் குப்பை போடத் தயங்குகிறவன் மலையில் போத்தலை உடைத்துவிட்டு வருகிறான். ஊரில் உரத்துப் பேசாதவன் அங்கே ஒலிபெருக்கியைத் திறந்துவிடுகிறான். தனிமையைத் தேடிப் போனவன், தன் சத்தத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புகிறான்.

‘என் உயிர், என் ஆபத்து’

இளைஞரிடம் அருவியின் ஆபத்தைப் பற்றிப் பேசினால், சில சமயம் இப்படி ஒரு பதில் வரும்: “விழுந்தால் நான்தானே விழுவேன்? என் உயிர், என் விருப்பம்.” கேட்பதற்கு நேர்மையான வாதம்போல இருக்கிறது. இதற்குள்ளும் ‘யாரும் இல்லை’ என்ற அதே எண்ணம் ஒளிந்திருக்கிறது.

ஆபத்து எப்படி வருகிறது என்று பார்ப்போம். மேலேயுள்ள பாறைக் குழிகள் அமைதியானவை போலத் தோன்றும். ஆனால் இங்கே வெயிலடிக்க, மலையின் மேற்புறத்தில் மழை பெய்திருக்கலாம். அந்த நீர் வந்து சேரும்போது முழங்கால் அளவில் ஓடிய ஓடை சில நிமிடங்களில் இடுப்பளவாகும். நீரோடும் பாறையில் பாசி படிந்திருக்கும். காய்ந்த பாறையில் பிடித்த கால் அங்கே பிடிக்காது. அருவியின் இரைச்சலில் பின்னால் நின்று கூப்பிடுகிறவன் குரல் முன்னால் நிற்கிறவனுக்குக் கேட்காது. மாலையானால் மூடுபனி இறங்கி, விளிம்பு எது வெளி எது என்று தெரியாமற் செய்துவிடும். கைத்தொலைபேசியில் படமெடுக்கப் பின்பக்கமாக நகர்கிறவனுக்கு இவையொன்றும் தெரிவதில்லை. இலங்கையின் நீர்வீழ்ச்சிகளில் இப்படி உயிரிழந்தவர்கள் பலர். பெரும்பாலும் வெளியூர் இளைஞர்.

விழுந்தபின் நடப்பதையும் எண்ணிப் பாருங்கள். முதலில் இறங்குகிறவன் யார்? கயிற்றோடு இறங்குகிறவன் அந்த ஊர்ப் பொடியன். பொலிஸாரும் படையினரும் சுழியோடிகளும் வந்து சேருமுன், வழி தெரிந்தவன் அவன் என்பதற்காகவே அவனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருவனைத் தூக்க ஓடுகிறவனுக்கு, ‘இவன் தன் விருப்பப்படி வந்து விழுந்தவன்’ என்று கணக்குப் பார்க்க நேரமில்லை. அவனுக்கும் வீட்டில் தாய் இருக்கிறார். அடுத்த நாள் அவன் கொழுந்து மலைக்கோ கூலி வேலைக்கோ போகவேண்டும். கண்ட காட்சி பல இரவுகள் அவனை உறங்கவிடாது.

என் நண்பருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடலில் வெளியூரான் ஒருவன் அள்ளுண்டு போனால், வலையைப் போட்டது போட்டபடி விட்டுத் தோணியைத் திருப்புகிறவர்கள் கரையோர மீனவர்களே. “எங்களுக்கு ஆரும் சம்பளம் தாறதில்ல. ஆனா போகாம இருக்க ஏலாது” என்றார் அவர். ‘போகாமல் இருக்க முடியாது’ என்று எண்ணும் மனிதர்கள் உலகில் இருக்கும்வரை, எவனுடைய ஆபத்தும் அவனுடையது மட்டும் ஆகாது. நல்லவர்கள் நமக்காக இறங்குவார்கள் என்பதே நாம் கவனமாக இருக்கவேண்டிய முதற்காரணம்.

நாம் காட்சியான நாட்கள்

கல்முனைக்குடி மக்களுக்கு இந்தப் பாடத்தின் மறுபக்கமும் தெரியும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் வீடுகள் மணலோடு மணலாயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலங்கையின் எந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் மாளவில்லை. உதவிக்கு ஓடி வந்தவர்கள் ஏராளம். அவர்களை நாம் மறக்கவில்லை. ஆனால், வெறுமனே பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள்.

அன்று மாலை என் நண்பர் அதைத்தான் சொன்னார். “சுனாமி முடிஞ்ச கிழமைகள்ல வாகனத்தில வருவாங்க சேர். இறங்கிக் கடலப் பார்ப்பாங்க, உடைஞ்ச வீட்டப் பார்ப்பாங்க, படம் எடுப்பாங்க. நான் என்ட வீட்டு அத்திவாரத்தில குந்திக்கொண்டு இருப்பன். என்னோட ஒரு சொல் பேசாமப் போவாங்க. ‘இப்ப இங்க ஒண்டுமில்ல, யாருமில்ல’ எண்டு போன்ல சொன்ன ஆளையும் கண்டிருக்கிறன். நான் அதிலதான் இருந்தன்.”

மகன் அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தான். சுனாமி வந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை. அந்த அத்திவாரத்தின்மேல் மறுபடி எழும்பிய வீட்டில்தான் வளர்ந்தவன். தந்தை தன்னைக் கடிந்துகொள்ளவில்லை, தான் பட்ட ஒன்றைச் சொல்கிறார் என்பது அவனுக்கு விளங்கியது.

மலையிலும் அப்படி ஒரு காலை விடிந்தது. தியலுமவிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளியுள்ள கொஸ்லந்தைக்கு அண்மையில்தான் மீரியபெத்தைத் தோட்டம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, மழையில் ஊறிய மலை சரிந்து அங்கிருந்த லயன் வீடுகளை மூடியது. மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து, வீடு இருந்த இடத்தில் சேற்றைக் கண்டார்கள். அந்த நிலம் சரியக்கூடியது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போக வேறிடம் இல்லாத மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள்.

தியலும என்ற பெயருக்கு ஒரு நாட்டார் கதை உண்டு. மலையுச்சிக்குத் துரத்தப்பட்ட ஓர் இளந்தலைவனைச் சேர, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் புறப்பட்டு வந்தாளாம். வழிகளிலெல்லாம் காவல். அவன் காட்டுக்கொடிகளைத் திரித்துக் கயிறாக்கி மேலிருந்து இறக்கி அவளைத் தூக்கியபோது, அவள் பாறையில் மோதுண்டு இறந்தாள். அதைக் காணச் சகியாத தெய்வங்கள் மலையிலிருந்து நீரைப் பாயவிட்டு அந்தக் கோரத்தை மூடினவாம். கதை எப்படியாயினும், அதைச் சொன்ன மக்கள் ஓர் உண்மையை அறிந்திருக்கிறார்கள். அழகான இடம் துயரமில்லாத இடமன்று. நாம் பார்த்து மகிழும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கதை இருக்கிறது.

அழகை அனுபவித்தவன் கடன்பட்டவன்

இங்கே வாசகர் ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: “ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்கப் போகிறோம். அங்கேயும் உலகத்துத் துன்பத்தையெல்லாம் சுமக்கச் சொல்கிறீரா? போகுமிடமெல்லாம் அழுதுகொண்டிருக்க முடியுமா?”

முடியாது, வேண்டியதுமில்லை. எல்லா ஊரின் துயரத்தையும் சுமக்க எந்த மனிதனாலும் இயலாது. ஆனால் ஓர் இடத்தின் அழகை நானே தேர்ந்து, அங்கே போய், அதை அனுபவித்துத் திரும்பினால், அந்த இடத்துக்கும் எனக்கும் ஓர் உறவு உண்டாகிவிடுகிறது. ஒருவர் வீட்டில் உண்டவன் அவர் பெயர் தெரியாது என்று சொல்லலாகாது. அழகை அனுபவித்தவன் கடன்பட்டவன். அந்தக் கடனைக் கண்ணீரால் அடைக்கவேண்டியதில்லை, மரியாதையால் அடைக்கலாம்.

இன்னொருவர் சொல்லலாம்: “நாம் போவதால்தானே அவர்களுக்கு வருமானம்? தேநீர்க் கடைக்காரிக்குக் காசு கொடுத்தோமே!” கொடுத்தது நல்லதே. மலையக மக்களுக்கு அந்தக் காசு தேவை. ஆனால் காசு தேநீருக்கான விலை. கொடுத்தவரை மனிதராகக் காணாமல் விடும் உரிமை அந்தக் காசோடு வருவதில்லை. சுனாமிக்குப் பின் என் நண்பருக்குப் பத்து ரூபாய் நீட்டிவிட்டுப் படமெடுத்திருந்தால் அவருக்கு நோவு குறைந்திருக்குமா? இன்னும் கூடியிருக்கும்.

நம் வயல்களையும் மறக்கலாகாது. கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் நெல் விளைவிக்கும் கல்லோயா எங்கே பிறக்கிறது? பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில். நாம் ஒருநாளும் ஏறியிராத அந்த மேடுகளில் இருப்பவர்கள் நீரை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் நம் சோறு இருக்கிறது. தியலுமவில் விழும் நீரும் அப்படியே கிரிந்தி ஓயாவோடு கலந்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, தென்திசை விவசாயிகளின் வயலுக்குப் போகிறது. உச்சியிலுள்ள பாறைக் குழியில் நாம் விட்டுவரும் சவர்க்கார நுரையும் பிளாஸ்ரிக் பையும் ‘யாரும் இல்லாத’ இடத்துக்குப் போவதில்லை. யாரோ ஒருவரிடம் போய்ச் சேருகின்றன.

அப்படியானால் போகிறவன் என்ன செய்யவேண்டும்? பெரிய காரியங்கள் ஒன்றுமில்லை. வழியிற் காண்கிறவரிடம் வணக்கம் சொல்லி வழி கேட்கட்டும். “இன்றைக்கு மேலே போகலாமா?” என்று அந்த ஊரவரிடமே கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பட்டும். அப்படித் திரும்புவது கோழைத்தனமன்று. நீரெடுக்க வந்தவருக்கு வழி விட்டு நிற்கட்டும். கொண்டுபோனதைக் கொண்டுவரட்டும். பெற்றோர், “கவனம்” என்று சொல்லி அனுப்புவதோடு நில்லாமல், திரும்பி வந்ததும் “யாரைக் கண்டாய்?” என்று கேட்கட்டும். “என்ன கண்டாய்?” என்று எல்லோரும் கேட்கிறோம். அந்த மற்றக் கேள்வியும் வீட்டில் வழக்கமானால், பிள்ளையின் கண் தானே திறக்கும்.

மாற்கு நற்செய்தியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. உண்ணவும் நேரமின்றிக் களைத்திருந்த சீடரை ஆண்டவர் தனிமையான ஓரிடத்துக்கு ஓய்வெடுக்க அழைத்துப் போகிறார். படகு கரை சேருமுன்னே அங்கே பெருங்கூட்டம் காத்திருக்கிறது. தனிமையைத் தேடிப் போனவர்கள் மக்களைக் கண்டார்கள். ஓய்வு வேண்டியதில்லை என்று அவர் சொல்லவில்லை. ஓய்வுக்கு அழைத்தவரே அவர்தான். ஆனால் எதிரே நின்றவர்களைக் கண்டதும், நம் தனிமையைக் கெடுக்க வந்தவர்கள் என்று அவர்கள்மேல் எரிச்சல் கொள்ளவில்லை, மனமிரங்கினார். தனிமையான இடத்திலும் மனிதரைக் காணும் கண் இது.

இதை என் நண்பரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “எங்கட பக்கத்திலயும் ஒரு பழக்கம் இரிக்கி சேர். ஆளில்லாத வீட்டுக்குள்ள போனாலும் ஸலாம் சொல்லித்தான் போகவேணும்” என்றார். எவ்வளவு நுட்பமான பழக்கம்! வெறும் வீடு என்று நமக்குத் தோன்றலாம். ஆனாலும் வாசலில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்கவேண்டும். மலையின் வாசலிலும் அப்படி ஒரு சொல் நமக்குத் தேவை.

நான் எழுந்து புறப்படும் நேரம், பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்கும் தியலும போக எண்ணியிருப்பதாகச் சொன்னான் மகன். தந்தை தடுக்கவில்லை. “போ மனே. போகக்குள்ள நெத்தலிக் கருவாடு கொஞ்சம் கட்டித் தாறன். அந்தத் தேத்தண்ணிக் கடைப் பொம்பிளைக்குக் குடு. மலையில நல்ல கருவாடு கிடைக்கிறது குறைவு” என்றார்.

“ஆருக்கு எண்டு சொல்லிக் குடுக்கிற வாப்பா? அவட பேர் தெரியாதே.”

“அப்ப முதல்ல போய்ப் பேரக் கேளு” என்றார் அவர்.